ஏரி தெளிந்துவிட்டது, குணமாகிவிட்டதா?

வாசகர் கேள்வி–பதில்

ஏரி, ஆறு, நிலத்தடி நீர் ஆகியவற்றின் நலம் குறித்து வந்த கடிதங்கள் தனியாக ஒரு கட்டாகவே சேர்ந்துவிட்டன. அவற்றுள் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் கேள்விகளைத் தேர்ந்தெடுத்து இம்முறை விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: பல ஆண்டுகளாகக் கலங்கிக் கிடந்த எங்கள் ஏரி இப்போது அடித்தரை தெரியும் அளவுக்குத் தெளிந்திருக்கிறது. ஏரி குணமாகிவிட்டது என்று கொள்ளலாமா?

பதில்: தெளிவு நல்ல அறிகுறிதான், ஆனால் அது ஒன்றை மட்டும் நம்பி முடிவுக்கு வந்துவிட வேண்டாம். முதலில் அந்தத் தெளிவை எண்ணாக எழுதிவைக்கப் பழகுங்கள். 1865-இல் இத்தாலிய வானியலாளரும் பாதிரியாருமான ஆஞ்செலோ செக்கி, வெண்ணிற வட்டத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தார். இன்று ஏரிகளில் பயன்படுவது, கறுப்பும் வெள்ளையுமாக நான்கு பாகங்கள் தீட்டிய, 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு. நடுப்பகலை ஒட்டிய நேரத்தில், படகின் நிழல் விழும் பக்கத்தில் அதை மெல்ல இறக்கி, மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தென்படும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எழுத வேண்டும். ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுக்கணக்கில் இதைச் செய்த குறிப்பேடு ஒன்று இருந்தால், அதை எந்த ஆய்வாளரும் இரு கைகளாலும் வாங்கிக்கொள்வார்.

தெளிவு ஏமாற்றவும் கூடும். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் அமில மழையால் ஆயிரக்கணக்கான ஏரிகளில் மீன் இனங்கள் அழிந்தன. அவற்றுள் பல கண்ணாடிபோல் தெளிந்திருந்தன, ஆனால் அந்தத் தெளிவு நலத்தின் அடையாளம் அல்ல. ஆகவே தெளிவோடு சேர்த்துத் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனையும் அளக்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ ஏழரையாகக் குறைந்துவிடும். 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தவிக்கத் தொடங்கும். இரண்டுக்குக் கீழே சேற்றுப் புழுக்களும் அவை போன்ற சில உயிர்களுமே தாக்குப்பிடிக்கும்.

அளக்கும் வேளை இதில் மிக முக்கியம். பாசி மிகுந்த ஏரியில் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால் ஆக்சிஜன் அமோகமாக இருக்கும், ஏனெனில் பாசி வெயிலில் அதை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. இரவு முழுவதும் அதே பாசி அதைச் சுவாசித்துத் தீர்த்துவிடுவதால், பொழுது விடியும் நேரத்தில் அளவு அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். மூடுபனி விலகாத விடியற்காலையில் கரையோரம் நின்று பாருங்கள்: மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து, வாயை வட்டமாகப் பிளந்து, மேல்மட்டத்து மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தால், எந்தக் கருவியும் இல்லாமலேயே உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

கேள்வி: ஆற்று நீரை ஆய்வகத்துக்கு அனுப்ப விரும்புகிறோம். கழுவிய பாட்டிலில் கரையோரமாகப் பிடித்தால் போதுமா?

பதில்: போதாது. தவறாக எடுத்த மாதிரியை எத்தனை துல்லியமாகப் பரிசோதித்தாலும் தவறான விடைதான் வரும். கரையோரத்துத் தேங்கல் நீர் ஆற்றின் நீர் ஆகாது. பாதுகாப்பாக இறங்க முடிந்தால் ஓட்டம் உள்ள இடத்துக்குச் செல்லுங்கள், இல்லையேல் பாலத்திலிருந்து வாளி இறக்கி எடுங்கள். ஆற்றுக்குள் நிற்பவர் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்க வேண்டும், அப்போதுதான் அவருடைய காலடியில் கிளம்பும் சேறு பின்பக்கமாகப் போய்விடும். பாட்டிலை ஒரு சாண் ஆழத்தில் அமிழ்த்தி, வாயை நீரோட்டத்தின் எதிர்த்திசையில் வைத்து நிரப்புங்கள். இரசாயனச் சோதனைக்கான பாட்டிலை அதே ஆற்று நீரால் மூன்று முறை அலச வேண்டும். பாக்டீரியா சோதனைக்கு ஆய்வகம் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலையோ அலசவே கூடாது, மூடியின் உட்புறத்தை விரல் தொடவும் கூடாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, பாக்டீரியா சோதனைக்குரியதை இயன்றவரை ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பியுங்கள்.

பாட்டிலின் மேல் தேதி, நேரம், இடம், நீரின் வெப்பநிலை ஆகியவற்றோடு, முந்தைய இரண்டு நாட்களில் மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். ஆற்றின் ஓட்ட அளவு தெரியாமல் மாசின் செறிவை மட்டும் சொல்வதில் பயன் குறைவு: வெள்ளத்தில் செறிவு குறைந்து தெரியலாம், ஆனால் அடித்துச் செல்லப்படும் மொத்த மாசு பல மடங்காக இருக்கக்கூடும். ஒருமுறை மட்டும் எடுத்த மாதிரி ஆற்றின் ஒரு நொடியைப் பிடித்த புகைப்படம். மாதம் ஒன்றாக ஒரு முழு ஆண்டுக்கு எடுத்த பன்னிரண்டு மாதிரிகளே உங்கள் ஆற்றின் இயல்பைக் காட்டத் தொடங்கும்.

கேள்வி: ஏரியில் படரும் பச்சைப் பாசியை ஆண்டுதோறும் அள்ளுகிறோம். கழிவுநீர்க் குழாய்களையும் அடைத்துவிட்டோம். இருந்தும் பாசி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பதில்: இந்தக் கடிதத்தை எழுதியவர் செய்ய வேண்டியவற்றுள் மிகக் கடினமானதைச் செய்து முடித்திருக்கிறார். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஏரிப் பாசியின் பெருக்கத்தை மட்டுப்படுத்தும் சத்து பெரும்பாலும் பாஸ்பரஸ். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் 226 என்ற எண் கொண்ட ஏரியை, டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் 1973-இல் ஒரு திரையால் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் சேர்க்கப்பட்டன. மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்க்கப்பட்டது. வானிலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி கருநீலமாகவும், பாஸ்பரஸ் சேர்த்த பாதி பச்சைக் குழம்பாகவும் தெரிந்தன. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வாதத்துக்கு அந்த ஒரு படம் சேர்த்த வலு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கிராம் பாஸ்பரஸ் தோராயமாக 100 கிராம் உலர் எடையுள்ள பாசியை உருவாக்கப் போதுமானது என்பதை நினைத்துப் பார்த்தால், சிறு கசிவும் ஏன் பெரிய தீங்காகிறது என்பது விளங்கும்.

நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நைட்ரஜனை வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்பும் பாக்டீரியாக்கள் சேற்றில் இருக்கின்றன. பாஸ்பரஸுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. வெளியே ஓடும் நீரோடு போக வேண்டும், அல்லது யாராவது அள்ளிச் செல்ல வேண்டும், அல்லது அடிச்சேற்றில் படிய வேண்டும். படிந்ததை, ஆக்சிஜன் உள்ளவரை, சேற்றிலுள்ள இரும்புச் சேர்மங்கள் பிடித்து வைத்திருக்கும். கோடையில் மேல்நீர் சூடாகி மிதந்து, அடிநீர் காற்றோடு தொடர்பற்றுப் போய், அழுகும் பாசி அங்குள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்த்ததும், அந்த இரும்பு உருமாறிக் கரைந்து, தன் பிடியிலிருந்த பாஸ்பரஸை விட்டுவிடுகிறது. அது மேலேறி மீண்டும் பாசியாகிறது. பாசி மடிந்து மீண்டும் அடியில் படிகிறது. குழாயை அடைத்த பின்னும் உங்கள் ஏரி தன் பழைய சேமிப்பிலிருந்தே தனக்கு உரமிட்டுக்கொண்டிருக்கிறது.

இதிலிருந்து மீள்வதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது ஏரிக்கு ஏரி மாறும். சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரிக்குள் வந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பிவிட்டபோது, முதல் விடையில் சொன்ன, ஒரு மீட்டர் ஆழத்திலேயே மறைந்துகொண்டிருந்த அளவுத் தட்டு, சில ஆண்டுகளிலேயே மும்மடங்கு ஆழம்வரை தெரியத் தொடங்கியது. அது ஆழமான ஏரி, நீர் மாற்றமும் விரைவு. ஸ்வீடனின் ட்ரும்மன் ஏரி ஆழமற்றது. அங்கே கழிவுநீரை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியும் ஏரி தேறாததால், 1970-லும் 1971-லும் மேல்மட்டச் சேற்றை ஏறத்தாழ ஒரு மீட்டர் கனத்துக்கு உறிஞ்சி எடுத்தார்கள். அதன் பிறகே ஏரி மீண்டது.

உங்களுக்கு என் ஆலோசனை: தூர்வாரும் முன் அடிச்சேற்றை வெட்டியெடுத்து, எந்த ஆழம்வரை பாஸ்பரஸ் செறிந்திருக்கிறது என்று சோதியுங்கள். எல்லா இடத்திலும் கண்மூடித்தனமாகத் தோண்டினால் களிமண் அடித்தளம் உடைந்து ஏரி நீர் கசிந்து போகவும் கூடும், மீன்கள் முட்டையிடும் கரையோரத் தாவரங்களும் அழியும். அலுமினியம் சல்பேட் எனப்படும் படிகாரம் பாஸ்பரஸைப் பிணைத்து அடியில் நிறுத்தும். ஆனால் நீரின் கார அமிலத் தன்மையை அளக்காமல் அதைக் கொட்டினால் அமிலம் மிகுந்து, அலுமினியமே மீன்களுக்கு நஞ்சாகிவிடும். வெளியிலிருந்து வருவது உண்மையிலேயே நின்றுவிட்டதா என்பதை மழைநாளில் ஒவ்வொரு வாய்க்காலின் வாயிலும் அளந்து உறுதிசெய்யுங்கள். குழாயை அடைத்துவிடலாம், வயல்களிலிருந்து மழையோடு வரும் உரத்தை அப்படி அடைக்க முடியாது. 1960-களில் செத்துவிட்டதாகப் பேசப்பட்ட ஈரி ஏரி, 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் நன்றாகத் தேறியது. பிறகு முக்கியமாக வயல்களிலிருந்து வந்த பாஸ்பரஸால் மீண்டும் பச்சையாகி, 2014 ஆகஸ்டில் டொலீடோ நகரைச் சார்ந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர், நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கலந்ததால் குழாய் நீரைக் குடிக்க முடியாமல் ஏறத்தாழ மூன்று நாட்கள் தவித்தார்கள். அந்த நஞ்சு கொதிக்கவைப்பதால் அழியாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: ஆகாயத்தாமரையை அகற்றிக் கரையில் குவிக்கிறோம். இது சரியான முறைதானா?

பதில்: அகற்றுவது சரி, கரையில் விடுவது தவறு. அந்தச் செடியின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தண்ணீர். மீதமுள்ளதில்தான் அது ஏரியிலிருந்து உறிஞ்சிய சத்து இருக்கிறது. கரையில் அழுகும் குவியலின் அடியிலிருந்து கசியும் கறுப்புச் சாறு எங்கே போகிறது என்று ஒரு மழைக்குப் பின் பாருங்கள். பெரும்பாலும் ஏரிக்கே திரும்பும். குவியலை நீர்ப்பிடிப்புக்கு வெளியே கொண்டுசென்று மட்க வைத்தால், அள்ளிய ஒவ்வொரு வண்டியும் ஏரியிலிருந்து பாஸ்பரஸை எடுத்துச் சென்றதாகக் கணக்காகும். பூக்கும் முன்பே அகற்றுங்கள், விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கக் கூடியவை. தென் அமெரிக்காவிலிருந்து பரவிய அந்தச் செடியை, விக்டோரியா ஏரியில் 1990-களில் அதன் தாயகத்துக் கூன்வண்டுகளை விட்டுக் கட்டுப்படுத்த முயன்று குறிப்பிடத்தக்க பலன் கண்டார்கள். ஆயினும் சத்து வரத்து நிற்காத நீரில் எந்த வண்டும் நிரந்தரத் தீர்வாகாது.

கேள்வி: நுண்ணுயிர்ப் பொடியைத் தூவினால் ஏரி தானே சுத்தமாகும் என்கிறார்களே?

பதில்: பாசி பற்றிய விடையைப் படித்தவர்களுக்கு இதன் விடை தெரிந்திருக்கும். எந்த நுண்ணுயிரும் பாஸ்பரஸை இல்லாமல் ஆக்காது. துர்நாற்றம் சில வாரங்கள் குறையலாம். அந்தப் பணத்தை நீர்ச் சோதனைக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: ஆய்வகச் சோதனை செலவு மிகுந்தது. பூச்சிகளைப் பார்த்தே ஆற்றின் நிலையை அறியலாம் என்பது உண்மையா?

பதில்: உண்மை, ஒரு வகையில் ஆய்வகத்தைவிடப் பூச்சிகள் நேர்மையான சாட்சிகள். இரவில் இரகசியமாகத் திறந்துவிடப்பட்ட கழிவு, காலையில் நீங்கள் பாட்டிலோடு வரும்போது பல கிலோமீட்டர் தாண்டிப் போயிருக்கும். மாதக்கணக்கில் அதே கல்லடியில் வாழ்ந்த உயிர்களால் அப்படித் தப்பிப் போக முடியாது.

ஓட்டமும் கூழாங்கற்களும் உள்ள இடத்தில், அடியில் கைவலையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் உள்ள கற்களைக் காலால் கிளறுங்கள். வலையில் சேர்ந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி, இரண்டு நிமிடம் அசையாமல் காத்திருங்கள். குப்பை என்று நினைத்தவை நகரத் தொடங்கும். வால்நுனியில் மூன்று மெல்லிய இழைகளும், வயிற்றின் இருபுறமும் துடிக்கும் செவுள்களும் கொண்டவை மேஃபிளையின் இளம்பருவம். மணலையும் குச்சியையும் ஒட்டிச் சிறு கூடு கட்டி அதற்குள் இருப்பவை கேடிஸ் ஈயின் புழுக்கள். இவை இரண்டும் பலவகையாக இருந்தால் ஆக்சிஜன் நிறைந்த நீர் என்று நம்பலாம். தட்டில் செக்கச்செவேலென்று நெளியும் இரத்தப்புழுக்களும் சேற்றுப்புழுக்களும் மட்டுமே இருந்தால் ஆறு மூச்சுத் திணறுகிறது. அந்தச் செந்நிறமே, ஆக்சிஜன் குறைந்த சேற்றில் அதைப் பிடித்துச் சேர்க்க அவை வைத்திருக்கும் ஹீமோகுளோபின்தான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் தந்து கூட்டும் முறை பிரிட்டனில் உருவாகி, பல நாடுகளில் அந்தந்த இடத்து உயிர்களுக்கேற்ப மாற்றப்பட்டிருக்கிறது. இருப்பினும், ஆர்சனிக்கும் கிருமிகளும் இருக்கின்றனவா என்பதைப் பூச்சிகள் சொல்லாது. குடிநீருக்கு ஆய்வகம் இன்றியமையாதது.

கேள்வி: முற்றிலும் செத்துவிட்ட ஆறு மீண்டு வந்ததுண்டா?

பதில்: உண்டு, அதுவும் ஏரியைவிட விரைவாக, ஓடும் நீர் தன் அழுக்கைத் தானே தள்ளிக்கொண்டு போகிறது. லண்டனில் தேம்ஸ் ஆற்றின் ஓதப்பகுதி உயிரற்றுவிட்டதாக 1957-இல் சொல்லப்பட்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் விரிவாக்கப்பட்ட பின், 1974-இல் அங்கே ஒரு சால்மன் மீன் கிடைத்தது. ரைன் ஆற்றில், 1986 நவம்பர் 1 அன்று ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே இரசாயனக் கிடங்கு ஒன்று எரிந்தது. தீயை அணைக்கப் பீய்ச்சிய தண்ணீரே பூச்சிக்கொல்லிகளை ஆற்றில் சேர்த்து, விலாங்கு மீன்களைப் பெருமளவில் கொன்றது. அதன் மறு ஆண்டே கரையோர நாடுகள் பொதுவான செயல்திட்டத்தை ஏற்றன. 2000-க்குள் சால்மன் திரும்ப வேண்டும் என்பது அதன் இலக்கு. மீன் ஒன்றை இலக்காக வைத்தது எனக்கு மிகவும் பிடித்தமான முடிவு. எந்த எண்ணை விடவும் அது மக்களுக்கு எளிதில் புரிந்தது.

நீர் சுத்தமானால் மட்டும் ஆறு ஆறாகிவிடாது, அதற்கு வளைவும் வெள்ளச் சமவெளியும் வேண்டும். ஃபுளோரிடாவில் 166 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடிய கிஸ்ஸிமி ஆற்றை 1960-களில் 90 கிலோமீட்டர் நேர்க்கால்வாயாக வெட்டினார்கள். ஈரநிலங்கள் காய்ந்து, நீர்ப்பறவைகள் போய்விட்டன. 1999-இல் அந்தக் கால்வாயின் ஒரு பகுதியை மண்ணிட்டு மூடி, பழைய வளைவுகளுக்கே நீரைத் திருப்பினார்கள், பறவைகள் திரும்பின. வெட்டிய செலவைவிட மூடிய செலவு பன்மடங்கு.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக நல்ல மழை. இருந்தும் எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டம் ஏறவில்லையே, ஏன்?

பதில்: நீங்கள் எப்போது அளந்தீர்கள் என்பதே என் முதல் கேள்வி. பம்பு ஓடும்போதோ, நிறுத்திய உடனேயோ அளந்தால், இறைப்பினால் உண்டான தற்காலிகப் பள்ளத்தைத்தான் அளக்கிறீர்கள். சில மணி நேரம் நிறுத்திவைத்து, மட்டம் நிலைகொண்ட பின், ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் ஒரே அடையாளப் புள்ளியிலிருந்து அளவுநாடாவை இறக்குங்கள். நாடாவின் கடைசி ஒரு மீட்டரில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தால் நனைந்த கோடு தெளிவாகத் தெரியும். சுற்றுவட்டாரத்தில் யாரும் இறைக்காத ஒரு கிணற்றைக் கண்காணிப்புக்கென்றே ஒதுக்குவது இன்னும் நல்லது.

மேல்மட்டத் திறந்த கிணறு ஒரே பருவத்தில் ஏறலாம்; களிமண் அடுக்குகளுக்குக் கீழே உள்ள ஆழ்நீர் ஆண்டுகள், சில இடங்களில் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டு ஊறியது. சஹாராவின் அடியில் இருக்கும் நீர், அங்கே மழை பெய்த பழங்காலத்தில் சேர்ந்தது. அளவுக்கு மீறி இறைத்தால் இன்னொரு இழப்பும் உண்டு: நீர் வடிந்த களிமண் அடுக்குகள் தம் மேலுள்ள பாரத்தால் நசுங்கி, மீண்டும் விரிவதில்லை. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் ஜோசப் போலண்ட் என்ற நீர்நிலவியலாளர் ஒரு மின்கம்பத்தின் அருகே நின்று எடுத்துக்கொண்ட படத்தில், 1925-இல் தரை இருந்த உயரம் கம்பத்தின் உச்சியில் குறிக்கப்பட்டிருக்கிறது. 1977-இல் அவர் நிற்கும் தரை அதற்கு ஏறத்தாழ 9 மீட்டர் கீழே. அவ்வாறு நசுங்கிய அடுக்குகள் இழந்த இடத்தை எந்த மழையும் மீட்டுத் தராது.

கேள்வி: எங்கள் கிணற்று நீர் சுவையாகவும் தெளிவாகவும் இருக்கிறது. சோதனை அவசியமா?

பதில்: கட்டாயம் அவசியம். ஆர்சனிக், ஃபுளூரைடு, நைட்ரேட் மூன்றும் நிறமோ மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காதவை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள் லிட்டருக்கு முறையே 0.01, 1.5, 50 மில்லிகிராம். வங்கதேசத்தில் குளத்து நீரால் வந்த வயிற்றுநோய்களிலிருந்து காக்க நல்லெண்ணத்தோடு தோண்டிய குழாய்க் கிணறுகளிலேயே இயற்கையான ஆர்சனிக் இருந்தது பின்னர்தான் தெரியவந்தது; பாதுகாப்பானதற்குப் பச்சையும் ஆபத்தானதற்குச் சிவப்பும் பூசினார்கள். அடுத்தடுத்த இரண்டு கிணறுகளில் ஒன்று பச்சையாகவும் மற்றொன்று சிவப்பாகவும் இருப்பது அங்கே இயல்பு. பக்கத்து வீட்டுச் சோதனை முடிவை உங்கள் கிணற்றுக்குப் பொருத்திக்கொள்ளாதீர்கள். நைட்ரேட் உள்ள நீரைக் கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி நைட்ரேட்டின் செறிவு கூடுமே தவிரக் குறையாது. பச்சிளங்குழந்தைக்குப் பால்மாவு கரைப்பவர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: சாலையில் ஓடி வீணாகும் மழைநீரைப் பயனற்ற ஆழ்துளைக் கிணற்றுக்குள் நேராக விடலாமா?

பதில்: கூடவே கூடாது. மண் ஒரு வடிகட்டி. ஆழ்துளைக் குழாய் அந்த வடிகட்டியைக் குறுக்கே கடந்து, வண்டிகளின் எண்ணெயையும் சாக்கடைக் கசிவையும் நேராக, நிலத்தடி நீரைத் தேக்கிவைத்திருக்கும் நீர்த்தாங்கிப் பாறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஏரியில் கலந்த மாசை அள்ள முடியும், ஆற்றில் கலந்ததை வெள்ளம் அடித்துச் செல்லும். பாறை இடுக்கில் புகுந்ததைத் தேடி எடுக்க வழியே இல்லாமல் போகலாம். கூரை நீரை, முதல் மழையின் அழுக்கு வெளியேறிய பின், மணலும் சரளையும் நிரப்பிய ஆழமற்ற குழிவழியே மண்ணுக்குள் இறக்குங்கள். சாலை நீரைப் புல்வளர்ந்த அகன்ற பள்ளத்தில் தேக்கி, தானாக ஊற விடுங்கள். பயனற்ற ஆழ்துளைக் கிணற்றைப் பொறுத்தவரை, அது குழந்தைகள் விழும் ஆபத்தும் உடையது. நீர்மட்டம் அளக்கும் கண்காணிப்புக் கிணறாக அதைப் பயன்படுத்த இயலுமென்றால் பூட்டிய மூடியிட்டு வைத்துக்கொள்ளுங்கள், இயலாதென்றால் அடியிலிருந்து தரைவரை முறைப்படி அடைத்து மூடிவிடுங்கள்.